மின்சாரம் இருக்கும்போதே மாற்றுங்கள்

பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களுக்காகக் கணினியின் முதன்மை நினைவகங்களைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் பணிமனையில் கேட்டார்கள். எந்த வகைக்கு எவ்வளவு வேகம், எது எவ்வளவு கொள்ளும் என்பதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே கிடைக்கும். என்னைவிடத் தெளிவாகவே கிடைக்கும். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். நினைவகங்களுக்குள் இருக்கும் ஒரு வேற்றுமையை அவசரத்தில் மறந்து, பிறகு அதை மறைத்து, ஒரு பெண்ணை அவள் இடத்திலிருந்து இறக்கிவிட்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன். இத்தனை வருடம் வேலை பார்த்ததில் உங்களுக்குப் பயன்படக்கூடியது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

முதலில் அந்த வேற்றுமையைச் சொல்லிவிடுகிறேன்.

ரோம் (ROM) என்னும் நினைவகம் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. செய்யும்போது வெட்டியது வெட்டியதுதான். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் எழுத்தை விடாது. பெரிய கோயில் கல்வெட்டு என்று சொல்லித்தான் எல்லா வகுப்பிலும் விளக்குவார்கள்; தஞ்சாவூரில் இருந்துகொண்டு அந்த உவமையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

கணினியில் நீங்கள் அன்றாடம் கழற்றி மாட்டும் ரேம், டைனமிக் வகை. அது நண்டு வளை விட்ட வரப்புக்குள் நிற்கும் தண்ணீர். கசிந்துகொண்டே இருக்கும்; கணினியும் ஓயாமல் இறைத்து நிரப்பிக்கொண்டே இருக்கும். ஒரு நொடி இறைப்பதை நிறுத்தினால் வயல் காய்ந்துவிடும்.

மூன்றாவது, ஸ்டாட்டிக் ரேம். இதற்கு இறைக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோலத் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். வேகமும் அதிகம், விலையும் அதிகம். அதில் ஒரு வகைக்கு மின்சாரம் மிகக் கொஞ்சம் போதும். ஒரு சின்ன பேட்டரியே வருடக்கணக்கில் தாங்கும். அதனால்தான் பழைய ஆலை இயந்திரங்களில், ஆபரேட்டர் செய்த அமைப்புகளை இந்த ஸ்டாட்டிக் ரேமில் போட்டுப் பக்கத்தில் ஒரு பேட்டரியைச் சொருகியிருப்பார்கள். பெரிய மின்சாரம் போனாலும் பேட்டரி பார்த்துக்கொள்ளும். பேட்டரியை எடுத்தாலும் பெரிய மின்சாரம் பார்த்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால், சாய்ந்திருந்த இருவரும் விழுந்துவிடுவார்கள்.

இதை வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே நன்றாகப் படித்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

என் கைக்கு வேறொரு பழக்கம் ஏறியிருந்தது. அது அதிராம்பட்டினத்தில் ஏறியது. அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாயின் கணினிக்குக் கூடுதல் ரேம் போடப் போயிருந்தேன். கணினி அணைந்துதான் இருந்தது. ஆனால் பிளக் சுவரில் இருந்தது, கணினிக்குள் இருந்த பலகையில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்காமல் ரேமைச் சொருகினேன். பட்டென்று ஒரு சத்தம், மெல்லிய புகை.

பாய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "என்னா சார், சாம்பிராணி போடுறீங்களா? வெள்ளிக்கிழமைதான் போடுவோம்."

அவர் சிரித்ததில் என் மானம் கொஞ்சம் தப்பியது. பணிமனைக்குத் திரும்பியதும் எனக்கு மேலிருந்த பொறியாளர், பெயர் வேண்டாம், கருகிய ரேமை என் மேஜைமேல் வைத்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "மொதல்ல பிளக்கப் புடுங்கு, அப்பறம் பெட்டியத் தொற." அன்றிலிருந்து எந்தப் பெட்டியைத் திறந்தாலும் என் இடது கை தானாகப் பிளக்கைத் தேடிப் போகும். அவர் சொன்னது சரி. கணினிக்குச் சரி. உங்களுக்கும் அதையே சொல்வேன். ஆனால் ஒரு விதி எந்த நினைவகத்துக்காக உண்டானது என்பதை மறந்துவிட்டு விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து அரிசி ஆலையில் பார்த்தேன்.

அந்த ஆலையில் ஒரு கலர் சார்ட்டர் இருந்தது. அரைத்த அரிசி மேலிருந்து சன்னமாக விழும். கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். நுனி கறுத்த மணி (கறுப்பு மூக்கு என்பார்கள்), மஞ்சள் மணி, கல் எது வந்தாலும் ஒரு காற்றுக் குழாய் அதை மட்டும் ஊதி வெளியே தள்ளும். அதை இயக்கியவள் செல்வி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தாள். அந்த ஊர்ப் பெண்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. வாய் என்றால் அப்படி ஒரு வாய். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாலே ஆரம்பித்துவிடுவாள்.

"வாங்க சார். டாக்டர் வந்தாச்சு. பேஷண்ட் இன்னும் உயிரோடதான் இருக்கு, பயப்படாதீங்க."

அந்த ஆலைக்குப் போவதென்றால் எனக்குக் காலையிலிருந்தே உற்சாகமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு எந்த வாடிக்கையாளரிடமும் நான் அவ்வளவு சிரித்ததில்லை.

சார்ட்டரைப் பழக்குவது பொறுமையான வேலை. கூர்மையைக் கூட்டினால் நல்ல அரிசியும் வெளியே போய்விடும். குறைத்தால் கறுப்பு மூக்கு உள்ளே வந்துவிடும். பொன்னிக்கு வைத்தது குண்டு அரிசிக்கு ஆகாது. களத்தில் மழையில் நனைந்த நெல் மஞ்சள் பூத்து வரும், அதற்குத் தனி. செல்வி கழிவு அரிசியை ஒரு கறுப்பு ரெக்சின் துண்டில் பரப்பிப் பார்ப்பாள், ஒரு புள்ளி மாற்றுவாள், மறுபடி பரப்பிப் பார்ப்பாள். அப்படி ஒரு சம்பாப் பருவம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் அமைப்பைச் சேமித்து வைத்திருந்தாள். அந்த இயந்திரத்தில் அதைப் படியெடுத்து வைக்க வழி கிடையாது. அமைப்புகளுக்குப் பெயரும் வைத்திருந்தாள். எதையும் விடாமல் குறை கண்டுபிடிக்கும் அமைப்புக்கு மாமியார். எதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் அமைப்புக்குச் சித்தப்பா.

"இன்னைக்கு யாரு ஓடுறா?" என்று கேட்பேன்.

"மாமியார்தான் சார். வெளியூர் லோடு. சித்தப்பாவ விட்டா கல்லையும் சேத்து அனுப்பிடுவாரு."

ஒரு தை மாதத்தில் திரையில் பேட்டரி எச்சரிக்கை வந்தது. புதிய பேட்டரியோடு போனேன். நான் போய்ச் சேர்ந்தது மதியச் சாப்பாட்டு நேரம். செல்வி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"சார், சாப்பிட்டுட்டு ஓடி வந்துடுறேன். நான் வர்றதுக்குள்ள மெஷின் கதவத் தொறக்காதீங்க."

"ஏன், உன் மாமியார் கோச்சுக்குவாளா?"

"கோச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கே போயிடுவா சார்."

சரி என்றேன். அவள் போனாள். ஆலை முதலாளி வந்தார். வாசலில் லாரி நின்றது, திருச்சியிலிருந்து அவருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது.

"என்ன சார், சும்மா நிக்கிறீங்க?"

"ஆபரேட்டர் வரட்டும்னு..."

"பேட்டரி மாத்த ஆபரேட்டர் எதுக்குங்க? நீங்கதான இன்ஜினியர்? லாரி நிக்குது பாருங்க."

நான் கதவைத் திறந்தேன். அந்த இடத்தில் மின்னழுத்தம் குறைவு, கைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும் என்று கதவின் உட்புறத்திலேயே சின்ன எழுத்தில் ஒட்டியிருந்தது. ஆனால் முதலாளி முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். என் இடது கை போய் மெயின் சுவிட்சை அணைத்தது. வலது கை பழைய பேட்டரியைக் கழற்றியது. கழற்றிய அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டு மின்சாரத்தையும் ஒன்றாக எடுத்துவிட்டேன். உங்களுக்கும் ஒருநாள் அப்படித் தெரியும்.

புதியதைப் போட்டேன், மின்சாரம் கொடுத்தேன். ரோமில் இருந்த நிரல் சமர்த்தாக எழுந்து வந்தது. திரை அழகாகத் தெரிந்தது. பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. அரிசியை விட்டார்கள். கழிவுக் குழாயில் வெள்ளை வெளேரென்று நல்ல அரிசி கொட்டியது.

முதலாளி ஒரு கை அள்ளிப் பார்த்தார். "என்ன சார் இது? நல்ல அரிசியெல்லாம் வெளில கொட்டுது?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது, "தவறு என்னுடையது, சாயங்காலத்துக்குள் சரி செய்துவிடலாம்" என்பதுதான். அதற்கு என் வேலை போயிருக்காது. திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் சொன்னது இது:

"செட்டிங் மாறியிருக்குங்க. ஆபரேட்டர் ஏதாவது தொட்டிருப்பாங்க."

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் யோசிக்காமல் வாயில் வந்தது அவள் மேல் பழியாக இருந்ததே, அதைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலாளியும் நானும் ஒரே மாதிரி வீடுகளில் பிறந்தவர்கள். நிலம் எங்கள் பெயரில், அதில் இறங்கி வேலை செய்தவர்கள் செல்வியின் வீட்டார் போன்றவர்கள். என் அப்பா நிலத்தை விற்று என்னைப் படிக்க வைத்தார். படித்துவிட்டதால் அந்தக் கணக்கு என்னைவிட்டுப் போய்விட்டதாக நினைத்திருந்தேன். முதலாளி என் வார்த்தையை ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்வார் என்று எனக்கும் உள்ளூரத் தெரிந்திருந்தது.

செல்வி ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"என்னா புள்ள பண்ணி வெச்ச மெஷின?" என்றார் முதலாளி.

"நான் என்னா முதலாளி பண்ணேன்? சோறு திங்கத்தான போனேன்?"

"செட்டிங்க மாத்தி வெச்சிருக்கியாமே. இன்ஜினியரே சொல்றாரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தேன். அவள் திரைக்கு முன்னால் குனிந்து ஒவ்வொரு அமைப்பாகத் தட்டினாள். மாமியார் இல்லை, சித்தப்பா இல்லை, எல்லா இடத்திலும் இயந்திரம் பிறந்த தொழிற்சாலையில் போட்ட அதே வெற்று எண்கள். பிறகு அவள் பார்வை திரையின் மூலைக்குப் போனது. அங்கே தேதி இருந்தது. கடிகாரத்துக்கும் அதே பேட்டரிதான். இயந்திரம் இந்த ஊருக்கு வருவதற்கும் முந்தைய ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி முதல் தேதியை அது காட்டிக்கொண்டிருந்தது. யாரோ அமைப்பை மாற்றினால் தேதி மாறாது. இரண்டு மின்சாரமும் ஒன்றாகப் போனால்தான் மாறும்.

அவள் நிமிர்ந்தாள். முதலாளிக்குக் கேட்கும்படி, ஆனால் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"சார், தேதி ஏன் இப்படிக் காட்டுது?"

இளையவர்களே, அவள் என்மேல் பழி போடவில்லை. எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தாள். முதல் பொய் பதற்றத்தில் வந்தது என்று வைத்துக்கொண்டாலும், இப்போது நான் நிதானமாகத்தான் இருந்தேன்.

"அது ஒண்ணுமில்ல. பழைய மெஷின், அப்பப்ப இப்படித்தான் காட்டும்" என்றேன்.

முதல் பொய்யைவிட இதுதான் என்னை அதிகம் அரிக்கிறது. இது நம் தொழிலின் பெயரால் சொன்ன பொய். நாம் ஒரு இயந்திரத்தைப் பற்றிச் சொன்னால் பக்கத்தில் நிற்பவருக்கு மறுக்க வழியில்லை. அதற்காகத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

"அப்படிங்களா சார்" என்றாள் செல்வி. முதலில் தேதியைச் சரி செய்தாள். பிறகு ரெக்சின் துண்டை விரித்து உட்கார்ந்தாள். அந்த ஒரு லோடுக்கு வேண்டிய அமைப்பை மறுபடி பிடித்து, பொழுது சாய்வதற்குள் லாரியை அனுப்பிவிட்டாள். நான் பக்கத்தில் நின்று, "ஏதாவது பண்ணட்டுமா?" என்றேன்.

"நீங்க கெளம்புங்க சார். பஸ் போயிடும்."

அதில் கேலி இல்லை. அவள் என்னிடம் கேலி இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

சில நாள் பொறுத்து அந்த ஆலைக்குத் திரும்பப் போனேன். யாரும் கூப்பிடவில்லை; இருக்க முடியாமல் போனேன். முதலாளியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அட, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? லோடு போயிடுச்சு, அதோட விடுங்க. டீ சாப்பிடுங்க."

"செல்வி எங்கங்க?"

"மெஷினுக்கு என் மச்சினன் பையன உக்கார வெச்சுட்டேன். அந்தப் பொண்ண மூட்டை தைக்கப் போட்டேன். ஒரு நாள் தெச்சுச்சு. மறுநாள்லேந்து வரல."

"அவங்க மேல தப்பே இல்லைங்க. நான்தான் சொல்றேன்ல?"

"சரிங்க, இல்லன்னே வெச்சுக்குவோம். இப்ப அந்தப் பையன எழுப்பிட்டு அதப் போய்க் கூப்பிட முடியுமா? நீங்களே சொல்லுங்க."

நான் சொன்ன உண்மை அவருக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. அன்று மத்தியானம் அவர் கையில் அரிசியோடு நின்றபோது சொல்லியிருந்தால் அதே வார்த்தைகள் அவளைக் காப்பாற்றியிருக்கும். வெளியே வந்தேன். வாய்க்கால் மதகில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் அவள் வீடு. மதகுவரை போனேன், பஸ் வந்தது. கை காட்டி ஏறிவிட்டேன். அங்கே போக எனக்கு முகம் இல்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். முகம் இல்லாவிட்டாலும் கால் இருந்தது.

அதன்பிறகு பல வருடம் வேலை பார்த்தேன். என்னை நல்ல பொறியாளர் என்றுதான் சொன்னார்கள். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, நாகப்பட்டினம் சாலையில் ஒரு பெரிய ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. சார்ட்டரில் பேட்டரி எச்சரிக்கை, நீங்களே வர வேண்டும் என்று இயந்திரப் பிரிவு மேலாளர் கேட்கிறார் என்றார்கள். பழைய மாடலைத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டதால் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

இயந்திரம் முழு ஓட்டத்தில் இருந்தது. அதன் முன்னால் ஒரு நாற்காலியில், கண்ணாடி போட்டு, காதோரம் நரைத்து, மடியில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள் செல்வி. என்னைக் கேட்ட மேலாளர் அவள்தான்.

"வாங்க சார். டாக்டர் வந்தாச்சு."

"சாப்பாட்டு நேரத்துல வந்துட்டேனே. சாப்பிட்டுட்டு வாங்க, காத்திருக்கேன்" என்றேன்.

"இங்கயே சாப்பிட்டுக்குறேன் சார். யாரு வந்து இந்தக் கதவத் தொறந்தாலும் நான் இங்கதான் சாப்பிடுவேன். பழகிப்போச்சு." டப்பாவைத் திறந்தாள். புளிச்சோறு, அப்பளம். "மெஷின் ஓடட்டும். ஓடும்போதே மாத்துங்க."

கதவைத் திறந்தேன். பேட்டரியைத் தொடுவதற்கு முன் அவள் பக்கம் திரும்பினேன்.

"செல்வி, அன்னைக்குத் தேதி ஏன் அப்படிக் காட்டுதுன்னு கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"நான் மெயின அணைச்சுட்டுப் பேட்டரிய எடுத்தேன். அதான் அப்படிக் காட்டுச்சு. உங்க மேல பொய் சொன்னேன்."

அவள் ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினாள்.

"அது எனக்கு அப்பவே தெரியும் சார். நீங்க சொல்லித் தெரிய வேண்டியதில்ல. மூட்டை தைக்கிறது எனக்குக் கேவலமும் இல்ல. எங்கம்மா அதே மில்லு களத்துல நெல்லு காய வெச்சவங்க. ஆனா மெஷினக் கெடுத்த பொண்ணுன்னு சுத்துப்பட்டு மில்லு எல்லாத்துலயும் பேராயிடுச்சு. ரொம்ப வருஷம் செல்போன் கடையில குந்தியிருந்தேன். இந்த முதலாளிதான் அதெல்லாம் கேக்காம எடுத்தாரு."

"நான் அந்த மில்லு முதலாளிகிட்டப் போய்ச் சொன்னேன்..."

"அதுவும் தெரியும். மதகுல நின்னு பஸ்ஸுக்குக் கை காட்டுனீங்கல்ல, எங்கம்மா பாத்துட்டு வந்து சொன்னாங்க."

பாய் கடையில் புகை வந்தபோது நான் இவ்வளவு கூசவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பளத்தில் பாதியை ஒடித்து டப்பா மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"மொதல்ல பேட்டரிய மாத்துங்க சார்."

இயந்திரம் ஓட ஓடப் பழையதைக் கழற்றினேன். புதியதைச் சொருகினேன். அரிசி ஒரு மணிகூடப் பிசகாமல் விழுந்துகொண்டிருந்தது.

"மாமியார் இருக்காளா?"

திரையைத் தட்டிப் பார்த்தேன். "இருக்கா."

"தேதி என்னா காட்டுது?"

அன்றைய தேதியைப் படித்தேன். நாள், மாதம், ஆண்டு.

"மெஷின் சத்தத்துல கேக்கல சார். உரக்கச் சொல்லுங்க."

அவளுக்குக் கேட்டிருந்தது என்று இருவருக்கும் தெரியும். களத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி, இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.